அக்தர் பானுவின் குறட்டை

சஃப்ரீன் படிப்பது டாக்டருக்கு இல்லை என்பது தாராவியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று சஃப்ரீன், இன்னொன்று அவள் உம்மா சபுரா. மற்ற ஜனங்களுக்கு அவள் வாப்பா ஜெயினுலாப்தீன் தோல் பை விற்கும்போதே 'எம் மவ டாக்டருக்கும் மேல' என்ற செய்தியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பாராமெடிக்குன்னா என்ன முதலாளி, கம்பவுண்டரா?" என்று தையல் மிஷினில் இருந்த வேல்ராஜ் ஒருநாள் கேட்டுவிட்டான்.

"ஏலே, டாக்டரு ஆஸ்பத்திரிக்குள்ள நாக்காலியப் போட்டு உக்காந்திருப்பான். நீ போயி வரிசையில நிக்கணும். எம் மவ அப்பிடியில்ல. ஆஸ்பத்திரியவே வண்டியில வச்சு ஒன் வாசலுக்குக் கொண்டாந்துருவா. இப்பச் சொல்லு, யாரு பெரிய ஆளு?"

நல்லவேளையாக வேல்ராஜுக்கு அந்த நேரம் பார்த்து நூல் அறுந்தது.

கீழே பட்டறை, மேலே வீடு. நடுவில் ஓர் இரும்பு ஏணி. மழைக்காலத்தில் கீழிருந்து தோல் வாடையும் பசை வாடையும் ஏணி ஏறி மேலே போகும். மேலிருந்து தாளிப்பு வாடை கீழே இறங்கும். இரண்டும் சந்தித்துக் கொள்கிற மேல் ஏணி வாயில், சன்னலோரமாக ஒரு கட்டில். அதில்தான் ஜெயினுலாப்தீனின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, அக்தர் பானு இருந்தாள். புருசன் மவுத்தாகி விதவையான பிறகு மேலப்பாளையத்திலிருந்து வந்தவள். முழங்கால் இரண்டும் போனதிலிருந்து அவளால் ஏணி இறங்க முடியாது. அதனால் என்ன, குரல் இறங்கும். கீழே தோல் வெட்டுகிறவன் அரை இஞ்சு கோணலாக வெட்டினால் மேலிருந்து ஏச்சு விழும்.

சஃப்ரீன் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தகராறு. இங்கிலீஷில் படித்து, இந்தியில் புரிந்துகொண்டு, மாமிக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள்.

"மருந்து ஒடம்புக்குள்ள போறதுக்கு நெறைய ராஸ்தா இருக்கு மாமி. வாய் வழி. நரம்பு வழி. நாக்குக்கு அடியில வச்சாலும் போவும். மூக்குல அடிச்சாலும் போவும். தோலு வழியாவும் போவும்."

"தோலு வழியா?" அக்தர் பானு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "நாப்பது வருசமா ஒங்க வாப்பா தோலுக்குள்ளதான் கெடக்கான். அவனுக்குள்ள ஒண்ணும் போன மாரி தெரியலயே."

"சிரிக்காதிய மாமி, பரீட்சையில வரும்."

"வரட்டும், வரட்டும். நீ எல்லா வழியும் படி, டாக்டரம்மா. கடைசி வழி ஒண்ணுதான், அதுக்கு மருந்து கெடையாது."

செம்பூரில் ஒரு மிட்டாய்க்கடைக்கு மேலே இருந்தது அவள் படிக்கிற இன்ஸ்டிட்யூட். அதன் ஃபவுண்டர்-டைரக்டர் வைத்தீஸ்வரன், மாட்டுங்காக்காரர். அறைக்கதவிலும், மேசையிலும், சட்டைப்பையிலும் அவர் பெயர் இருந்தது, சந்தேகமே வராது. பெற்றோர் தினத்தன்று ஜெயினுலாப்தீன் அத்தர் பூசிக்கொண்டு போயிருந்தார். வைத்தீஸ்வரன் அவரைக் கைப்பிடித்து ஒரு கண்ணாடி அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே இடுப்புக்கு மேல் மட்டும் ஒரு ரப்பர் மனிதன், பிளாஸ்டிக் உறை போட்டபடி மல்லாந்து கிடந்தான். சரஸ்வதி பூஜைக்கு வைத்த குங்குமம் உறையின் மேலேயே காய்ந்திருந்தது.

"இம்போர்ட்டட் ஆக்கும். தொண்டை, நாக்கு, மூச்சுக்குழல் எல்லாம் அச்சு அசல் மனுஷா மாதிரி. தலையை இப்படி நிமிர்த்தி, தாடையைத் தூக்கினா, நெஞ்சு உப்பும். பம்பாய்லயே இந்த மாடல் நம்மகிட்டதான் இருக்கு, பார்த்துக்கோங்கோ."

"பிள்ளைக இதத் தொட்டுப் பழகுதாங்களா?"

"ஐயையோ, தொடப்படாது! கடல்காத்து, ஈரம்... ரப்பர் போயிடும். மனசால தொட்டுப் பழகணும். நான் பேனாவால காட்டுவேன், கொழந்தைகள் காத்துல செஞ்சு பார்க்கும்."

ஜெயினுலாப்தீனுக்கு இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டு சோபாவுக்கும் வாங்கி வந்த நாள் முதல் பிளாஸ்டிக் உறைதான். விருந்தாளி வந்தால் சபுரா பாயை விரிப்பாள். நல்ல பொருளை வைத்திருக்கத் தெரிந்த மனிதர் என்று வைத்தீஸ்வரன் மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

மரியாதையால் தாடை தூக்கப் பழக முடியாது. சஃப்ரீன் வேறு பொம்மை தேடினாள். ஜும்ஆ தொழுது, நெய்ச்சோறு தின்று, வெட்டுமேசையில் தோல்கட்டைத் தலைக்கு வைத்து வாப்பா உறங்குகிற பகலில் அது கிடைத்தது. அந்தக் குறட்டை எதிர்ச்சந்து வரை கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜெயினுலாப்தீன் திடுக்கென்று விழித்தபோது, மகள் தலைமாட்டில் நின்று, அவர் காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்பின் மூலையில் விரல்களைக் கொடுத்து மேலே நெம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏளா! என்ன செய்யிய? கொல்லப் பாக்கியா?"

"குறட்டை நின்னுச்சு பாத்தியளா வாப்பா? நாக்குப் பின்னால விழுந்து வழிய அடைக்கி. தாடைய முன்னால இழுத்தா நாக்கும் கூட வந்துரும். குறட்டைன்னா நல்ல தூக்கம்னு நெனைக்கிறோம், அது பாதி அடைச்ச ராஸ்தா."

"ஒங்க ஸ்கூல்ல பொம்ம இருக்கில்லா? எங் காது மூலையெல்லாம் வலிக்கி."

"அதுக்கு உறை போட்டிருக்கு. ஒங்களுக்கு இல்ல."

மேலேயிருந்து ராத்தா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. வேல்ராஜ் மிஷினுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று முதல் ஜெயினுலாப்தீன் தோல்கட்டை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தே உறங்கினார்.

ஆடி மாத மழையில் அக்தர் பானுவின் முழங்கால் இரண்டும் அவளைப் போட்டு வதைத்தன. மெடிக்கலில் அவள் உதிரியாக வாங்கி வைத்திருந்த மாத்திரைகளையெல்லாம் சஃப்ரீன் ஒருநாள் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, டாக்டரிடம் போகாமல் எதுவும் தின்னக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். ராத்தா மூன்று நாளாக உறங்கவில்லை. பொறுக்கமாட்டாத ஜெயினுலாப்தீன் வியாழக்கிழமை வடாலாவுக்குச் சரக்குக் கொடுக்கப் போனவர், அங்கே கமால் பாய் வீட்டில் ஒரு சிறு பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். கமால் பாயின் தாயாருக்குப் புற்றுநோய். போன மாதம்தான் மவுத்து. கடைசி நாட்களில் வலி தெரியாமல் இருக்க ஒட்டினதில் மிச்சம்.

"ராத்தா, இது வெளிநாட்டுப் பிளாஸ்திரி. நம்ம ஊரு மொளகா பிளாஸ்திரி மாரி எரியாது, மணக்காது. கண்ணாடி கணக்கா இருக்கும். ஒட்டுனா வலி பறந்துரும்."

"டாக்டரம்மா பாத்தா ஏசுவாளே?"

"மாத்திரையத்தான திங்கக் கூடாதுன்னா? இதத் திங்கவா போறிய? அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரு முழங்காலுக்கு ஒன்றாக அவரே ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் ராத்தா உறங்கிக்கொண்டிருந்தாள். சபுரா வழக்கம்போல வெந்நீர்ப் பையை நிரப்பிப் போர்வைக்குள் அவள் முழங்காலில் வைத்தாள். ஆறினால் மாற்றி வைத்தாள்.

"மைனிய எழுப்பினேன். 'ம்'முன்னுட்டு திரும்பப் படுத்துட்டாவ" என்றாள் புருசனிடம்.

"ஒறங்கட்டும். கொறட்டையக் கேட்டியா? ராசா வீட்டு ஒறக்கம்" என்று ஜெயினுலாப்தீன் மீசையைத் தடவிக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

தொழுதுவிட்டு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நெய்ச்சோறும் தாளிச்சாவும் மணந்தன. ஏணியின் பாதியில் அவர் நின்றுவிட்டார். குறட்டை மாறியிருந்தது. ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. தகரத்தில் மழை மட்டும் கேட்டது. அவர் தம் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, இன்னொரு இழுப்பு.

ராத்தாவின் உதடு நாவல்பழ நிறமாக இருந்தது. கன்னத்தில் தட்டினார், உலுக்கினார், கத்தினார். இமை மட்டும் ஒருதரம் அசைந்தது. சபுரா சன்னல் வழியாகக் கத்தியதில் அடுத்த வீட்டுச் சண்முகவடிவு மாவுக்கையோடு ஓடிவந்து, போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்து, ஆளுக்குப் புரிகிற இந்தியில் அட்ரஸ் சொன்னாள்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் காலித் ஹாஜியார் வந்துவிட்டார். அந்தச் சந்தில் அவர் இல்லாமல் யாரும் மவுத்தாகிவிட முடியாது. ஒருவர் மூச்சு இழுக்கிறது என்று தெரிந்தால் போதும், இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு, மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலோடு, நூறு பேருக்குப் பேசுகிற குரலோடு அவர் ஏணியடியில் நிற்பார். அக்கம்பக்கத்தார் பின்தொடர மேலே வந்து பார்த்தார். தலையை மெதுவாக ஆட்டினார். அந்த ஆட்டலிலேயே சபுரா அழத் தொடங்கிவிட்டாள்.

"நேரம் வந்துட்டு ஜெயினு. ஸகராத்து இது, உசிரு பிரியுற இழுப்பு. எத்தன பாத்திருக்கேன். யாசின் ஓதச் சொல்லு. ஒடம்பொறந்தவன், நீயே ஒன் கையால ஜம்ஜம் குடு. வாய் நனையாம அனுப்பப்படாது."

ஜெயினுலாப்தீனின் கை கரண்டியை வாங்கியது. தாயில்லாத அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் ராத்தா. அவள் நாக்கு வறண்டு போகக்கூடாது. அது ஒன்றைத் தவிர வேறெதுவும் அவருக்கு அப்போது தோன்றவில்லை. கரண்டி உதட்டருகே போனது.

"வாப்பா! ருக்கோ! ஊத்தாதிய!"

நனைந்த பையோடு சஃப்ரீன் ஏணி வாயில் நின்றாள். வகுப்பு விட்டு வந்தவள். பையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்து வந்து, கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துத் தலைமாட்டில் மண்டியிட்டாள். மாமியின் தாடை மூலையில் விரல்களைக் கொடுத்து மேலே தூக்கினாள்.

கிணறு மூடிக்கொண்டது போல அந்தச் சத்தம் நின்றது. செத்துவிட்டாள் என்று நினைத்து சபுரா வாயைப் பொத்தினாள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். சத்தமே இல்லாமல் போகிற ஒரு காற்று. உள்ளே போனது, வெளியே வந்தது. இத்தனை நேரம் அவள் உடம்பு அந்தக் காற்றுக்காகத்தான் கதவை உடைத்துக்கொண்டிருந்தது என்பதும், கதவு ஒரு நாக்கு அளவுதான் என்பதும் ஜெயினுலாப்தீனுக்கு அப்போது விளங்கியது.

"பிள்ள, தள்ளு" என்றார் ஹாஜியார். "தண்ணி குடுக்கணும்."

"ஒரு சொட்டு வாய்க்குள்ள போவக் கூடாது பெரியப்பா. மாமிக்கு முழுங்கத் தெரியாது இப்ப. நேரா மூச்சுக்குழலுக்குள்ள போயிரும்."

"ஜம்ஜம வேண்டாங்கியா?" ஹாஜியாரின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "ஜெயினு! ஒன் மவ சொல்லுதா, கேட்டியா? ஒன் ராத்தா தாகத்தோட போனா மறுமையில நீதான் பதில் சொல்லணும்!"

அறையில் இருந்த எல்லோரும் ஜெயினுலாப்தீனைப் பார்த்தார்கள். கரண்டி இன்னும் அவர் கையில் இருந்தது. மகள் படிப்பது டாக்டருக்கும் மேலே என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர்தான். இந்த நிமிடம் வரை அதை நம்பாதவரும் அவர்தான். சஃப்ரீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாடையை விடவும் இல்லை.

கரண்டித் தண்ணீரை அவர் பாட்டிலுக்குள் திருப்பிக் கொட்டினார்.

"நெத்தியில தடவுங்க ஹாஜியாரே" என்றார். "வாயில வேண்டாம்."

சஃப்ரீன் மாமியின் இமையை விலக்கினாள். கருவிழியின் நடுப்பொட்டு ஊசி குத்தின அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"மருந்து ஏதோ போயிருக்கு. வலி தெரியாம இருக்கக் குடுக்கிற பெரிய மருந்து, மூச்சயே மறக்க வைக்கும். மாமி என்ன சாப்பிட்டாங்க? உம்மா?"

"ஒண்ணுந் திங்கலயே, பச்சத்தண்ணி கூட..."

"வாப்பா?"

"மாத்திர எதுவும் திங்கல" என்றார் ஜெயினுலாப்தீன். பொய்யில்லை. பிளாஸ்திரி மருந்துக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஊசி போட்டாங்களா? மூக்குல ஏதாவது? தோலுல ஏதாவது?"

தோலு. அவர் பார்வை போர்வைக்குள் மேடாக இருந்த வெந்நீர்ப் பைக்குப் போனது. நாற்பது வருசமாகத் தோலுக்கு எண்ணெய் காட்டுகிறவர். குளிர்ந்த தோல் எண்ணெயை மேலேயே நிறுத்தி வைக்கும். சூடு காட்டினால் தாகம் பிடித்த மாதிரி குடித்துக்கொண்டே இருக்கும்.

சொன்னால் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னார்.

"நாந்தான் ஒட்டுனேன். மொழங்கால்ல. கமால் பாய் உம்மாவுக்கு ஒட்டுன பிளாஸ்திரி. வெளிநாடு. ரெண்டு ஒட்டுனேன்... அதுமேல சுடுதண்ணி... சூடு காட்டுனா தோலு குடிக்கும்ளா! எனக்குத் தெரியும்ளா, எனக்குத் தெரியும்!"

"உம்மா, அந்தப் பையத் தூக்குங்க! பிளாஸ்திரிய உரிங்க, பிசின் பக்கத்தத் தொடாதிய, துணியால புடிங்க. ஈரத்துணியால தொடச்சு விடுங்க."

சபுரா தூக்கிய வெந்நீர்ப் பையை வாங்க யாரும் இல்லாததால் ஹாஜியாரே வாங்கிக்கொண்டார். ஒரு கையில் ஜம்ஜம், ஒரு கையில் வெந்நீர்ப் பை என்று நின்றார்.

வழி திறந்துதான் இருந்தது. ஆனால் மாமி மூச்சு விடவே மறந்துகொண்டிருந்தாள். "மாமி! இழுங்க மூச்ச!" என்று கத்தினால் ஒன்று இழுத்தாள். அப்புறம் மறந்தாள். பிறகு கத்தியும் பயனில்லை.

"வாப்பா, இங்க வாங்க. எம் பையில மூச்சு குடுக்கிற மாஸ்க் இருக்கு, நான் ஊதணும். ரெண்டு கையும் வேணும். நீங்க தாடையப் புடிங்க."

"எனக்கென்ன தெரியும்ளா?"

"ஒங்களுக்கு எங்க வலிச்சுதோ, அங்க."

அவர் விரல்கள் தாமாகவே போயின. காதுமடலுக்குக் கீழே, எலும்பு திரும்புகிற மூலை. அங்கேதான் மகள் அவரை நெம்பினாள்; அங்கேதான் இரண்டு நாள் வலித்தது. தூக்கினார். சஃப்ரீன் பல்லால் மாஸ்க்கின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துத் துப்பினாள். மாமியின் மூக்கும் வாயும் மூட அதை அழுத்திக் குனிந்து ஊதினாள்.

சேலைக்கு அடியில் நெஞ்சு எழுந்தது.

ஜெயினுலாப்தீன் வாழ்க்கையில் எத்தனையோ உப்புவதைப் பார்த்திருக்கிறார், பெரும்பாலும் தன்னையே. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மகளுடைய மூச்சு ராத்தாவுக்குள் போய், ராத்தாவைத் தூக்கி, இறங்கியது. மறுபடி போனது. தாராவியின் காற்றுதான், தோல் நாறுகிற, சாக்கடை நாறுகிற அதே காற்று. எவரும் விலை கேட்காத அந்தச் சாமானுக்கு அறை முழுவதும் அண்ணாந்து காத்துக்கிடந்தது. நாவல்பழ நிறம் உதட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சுற்றி நின்று குர்ஆனின் யாசினை ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள்; அது அனுப்புவதற்கா நிறுத்துவதற்கா என்பது மட்டும் மாறிப்போயிருந்தது.

சண்முகவடிவு சந்து முனையிலிருந்து ஆம்புலன்ஸ் டாக்டரைக் குடையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். ரஞ்சனா என்கிற சின்ன வயசு மராட்டிப் பெண். ஏணி ஏறியவள் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தாள். உரித்து வைத்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். ஜெயினுலாப்தீனிடம், "ஹாத் மத் சோட்னா, சாச்சா" என்றாள். அவரா கையை விடுவார்? விரல் மரத்துப்போயிருந்தது.

அவள் தன் பையிலிருந்து காற்றடிக்கிற பந்தைக் கொடுத்து, சஃப்ரீனையே அமுக்கச் சொல்லிவிட்டு, ராத்தாவின் கையில் நரம்பு தேடி ஊசியேற்றினாள். கொஞ்சம்போல, தண்ணீர் மாதிரிதான் இருந்தது அந்த மருந்து.

முதலில் இமை துடித்தது. பிறகு அக்தர் பானு யாரும் சொல்லாமல், தானாகவே, ஒரு நீண்ட மூச்சை இழுத்தாள். அதை வெளியே விடும்போதே பேச்சும் சேர்ந்து வந்தது.

"எவளா அது எம் பிளாஸ்திரியப் பிச்சது?"

சபுரா ஓவென்று அழுதாள். ராத்தாவின் கண் சுற்றிச் சுழன்று ஹாஜியாரில் வந்து நின்றது.

"இவரு எதுக்கு வந்திருக்காரு? யாரு மவுத்து?"

ஹாஜியார் வெந்நீர்ப் பையை ஜிப்பாவுக்குப் பின்னால் மறைத்தார். நாற்காலியில் வைத்துக் கட்டி ஏணியில் இறக்கும்போதும் அவள் நிறுத்தவில்லை: "நான் என்ன மையத்தா, நாலு பேரு தூக்குறதுக்கு? ஏலே வேலு, ஏணியப் புடி, பராக்குப் பாக்காத."

"சந்தோசப்பட்டுறாதிய வாப்பா" என்றாள் சஃப்ரீன், கீழே வந்ததும். "இந்த ஊசி கொஞ்ச நேரந்தான் நிக்கும். பிளாஸ்திரி மருந்து தோலுக்கடியில இன்னும் இருக்கு. திரும்ப ஒறக்கத்துல இழுக்கும். ராத்திரி பூரா கண்ணு முன்னால வச்சிருக்கணும்."

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோலுக்குள் இறங்கிய எண்ணெய் துடைத்தால் போகாது. "எனக்குத் தெரியும்ளா" என்றார். அந்த வார்த்தையை இவ்வளவு சின்னக் குரலில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சஃப்ரீன் சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரியில் ராத்தா இரண்டு தடவை மூச்சை மறந்து உறக்கத்துக்குள் போகப் பார்த்தாள், இரண்டு தடவையும் இழுத்துக் கொண்டுவந்தார்கள். மறுநாள் மத்தியானம் சாய்ந்து உட்கார்ந்து தாகம் என்றாள். டாக்டர் சொன்னபடி சஃப்ரீன் முதலில் ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டாள். பிறகு உம்மாவிடம் தலையசைத்தாள். சபுரா ஹாஜியார் கொடுத்தனுப்பிய பாட்டிலைத் திறந்தாள்.

அக்தர் பானு பாதியைக் குடித்தாள். மீதியை மருமகளிடம் நீட்டினாள். "குடி. ஒன் மூச்ச நான் நெறையத் தின்னுட்டேனாம்." சஃப்ரீன் வாங்கப்போனாள், அப்போதுதான், ஒரு நாள் தாமதமாக, அவள் கை தடதடவென்று ஆடியது. டம்ளரை மாமியே பிடித்துப் புகட்டினாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சஃப்ரீனோடு படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் செம்பூரிலிருந்து வந்து பட்டறை வாசலில் தயங்கி நின்றார்கள். ஜெயினுலாப்தீன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேல்ராஜும் மற்ற ஆட்களும் பார்க்க, வெட்டுமேசையில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"வாங்க பிள்ளைகளா. ஒவ்வொருத்தரா வாங்க."

"வைத்தீஸ்வரன் சார்கிட்ட சொல்லிராதீங்க அங்கிள்" என்றான் ஒருவன், இந்தியில்.

"சொல்லு, நல்லாச் சொல்லு. இங்க ஒரு மாடல் இருக்கு, உறை இல்லாதது, தொடலாம்னு சொல்லு."

"கழுத்து மட்டும் கொஞ்சம் பழசு" என்று மேலேயிருந்து ராத்தாவின் குரல் விழுந்தது.

முதல் பையன் தலைமாட்டுக்கு வந்தான். கை சில்லென்று இருந்தது, பயந்த கை. தப்பான இடத்தில் அமுக்கினான். ஜெயினுலாப்தீன் கண்ணை மூடியபடியே அந்த விரல்களைப் பிடித்து, காதுமடலுக்குக் கீழே, எலும்பு திரும்புகிற மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"இங்க. வலிக்கும். வலிச்சாத்தான் சரி. தூக்கு."

அவன் தூக்கினான். காற்று உள்ளே போனது. பட்டறையில் மிஷின்கள் நின்றிருந்தன. அந்தக் காற்று போகிற வழி முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்.